துரைவேல் உண்ணா நோன்பும் இரத்தினவேல் படையெழுச்சியும்

பாற்கடலைக் கடைந்த நாளில் மந்தர மலையை முதுகிலே தாங்கி, தேவர் ஒருபுறமும் அசுரர் மறுபுறமும் இழுத்த இழுப்புக்கெல்லாம் அசையாது கிடந்த ஆதி ஆமையே, காப்பு. உன் குலத்தில் உதித்த ஒருவன் ஒஸ்லோ மாநகரின் கிழக்கெல்லையாம் புருசெத்தில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில், வாய் திறவாது நோன்பிருந்த கதையையும், அவன் வாயைத் திறப்பிக்க ஒரு வீரன் பட்ட பாட்டையும் சொல்லப் புகுந்தோம். சொல் பிசகாமலும் நடுவில் மூச்சு முட்டாமலும் காத்தருள்க.

வாழ்க இரத்தினவேல். கரண்டியே செங்கோலாய், அடுப்பே அரியணையாய், எழும் ஆவியே வெண்கொற்றக் குடையாய் வீற்றிருந்த வேந்தன் அவன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கட்டை ஆண்டுகள் பலவாக ஆண்டவன். பெற்ற பிள்ளைகள் கெஞ்சியும் தாதியர் அதட்டியும் வாய் திறவாத நோர்வேக் கிழவர்களைத் தன் ஒற்றைக் கரண்டியாலே வென்று, மீன்கூழின் கடைசித் துளிவரை உண்பித்தவன். வார இறுதிகளில் தமிழர் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கும் பிறந்தநாளுக்கும் கிடாரம் கிடாரமாய் இறைச்சிக் கறி ஆக்கியவன். 'போதும்' என்று விருந்தினர் கையால் இலையை மறைத்தால், விரல் இடுக்கு வழியே சோறு இறக்கும் வித்தை அறிந்தவன். அவன் பந்தியில் கோபித்து எழுந்தவர் உண்டு. பசித்து எழுந்தவர் இல்லை.

அவன் இல்லத்தரசி அனஸ்ரேசியா. பாலர் பள்ளி ஒன்றில் முப்பது சிறுவர்களுக்கு மூக்குத் துடைத்துப் பழகிய கையள். பகலெல்லாம் கத்தி வந்தவள் ஆதலால் வீட்டிலே சொற்சிக்கனம் உடையவள். இவ்விருவர்க்கும் ஒரே மகள் தனுஷா. பூனை உரசினால் அவளுக்கு மூச்சு இழுக்கும். நாய் நக்கினால் கண் வீங்கும். முயல் கூண்டைக் கடந்தாலே தும்மல் தொடங்கும். உரோமம் உடைய எதுவும் ஆகாது என்று மருத்துவர் முடிந்த முடிபாய்க் கூறிவிட, ஊர்வனவற்றை வீட்டில் வைக்க இலேசில் இடந்தராத அந்த நாட்டிலே தனி அனுமதி வேண்டி, காத்திருந்து, பெற்று, கடைசியில் கவிழ்த்த கஞ்சிக் கிண்ணம் அளவே ஆன தரையாமை ஒன்று அவ்வீட்டுக்கு எழுந்தருளிற்று.

மகள் அதற்குத் தொர்வால்ட் என்று நோர்வேப் பெயர் இட்டாள். தகப்பன் நாவிலே அப்பெயர் ஒரு வாரம் உருண்டு, தேய்ந்து, துரைவேல் என்று வந்து நின்றது. "துரைவேல் இரவு நித்திரை கொள்ளேல்ல" என்றும் "துரைவேலைக் குளிப்பாட்ட வேணும்" என்றும் அவன் வேலைத்தலத் தமிழரிடம் தொலைபேசியிற் கூறக் கேட்டவர்கள், இரத்தினவேலுக்கு நோயாளித் தம்பி ஒருவன் ஊரிலிருந்து வந்திருப்பதாக நம்பினார்கள். இரண்டு பேர் பழத்தோடு பார்க்கவும் வந்தார்கள்.

இவ்வாறு நல்லரசு நடக்கும் நாளிலே, மே மாதத்து முதற் கிழமைகளில் ஒன்றில், தனுஷாவின் வகுப்பு மலைப்பக்கம் பாடசாலை முகாமுக்குப் புறப்பட்டது. திங்கள் போய் வெள்ளி திரும்பும் பயணம். கைத்தொலைபேசி கொண்டுபோகத் தடை. போகும் காலை, பொதியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தகப்பனை ஆமையின் மரப்பெட்டி முன்னே நிறுத்தி அவள் ஆணை பிறப்பித்தாள்.

"அப்பா, இலை, பூ, புல். அவ்வளவுதான். தக்காளி குடுக்கப்படாது. சோறு, பருப்பு கண்ணிலயும் காட்டப்படாது. விளங்கிச்சுதோ?"

"ஓம் ஓம். நூறு பேருக்குச் சமைக்கிறனான். இது ஒரு ஆமை. நீ போட்டு வா."

ஐயகோ, 'இது ஒரு ஆமை' என்னும் அச்சொல்லே போர்முரசாயிற்று.

திங்கள் மாலை வேந்தன் கத்தி ஏந்திக் கீழிறங்கினான். அடுக்குமாடிகளின் இடையே கிடந்த பொதுப் புற்றரையிலே, நோர்வேயர் 'சிங்கப்பல்' என்று பொருள்படப் பெயரிட்ட மஞ்சட்பூக் களை விளைந்து கிடந்தது. அதன் இளந்தளிராய்த் தேர்ந்து, முற்றல் நீக்கி, மூன்று நீரிற் கழுவி, துணியில் ஒற்றி, முருங்கையிலை வறைக்கு அரிவதினும் நுண்ணிதாய் அரிந்து, சின்னஞ்சிறு குவியலாக்கி, மேலே ஒரு பூவைச் சூட்டித் தட்டிலிட்டான். பழக்கத்தினாலே அவன் கை உப்புப் போத்தலை நோக்கி நீண்டது. கதிரையில் இருந்த அனஸ்ரேசியா ஒருமுறை செருமினாள். கை மீண்டது.

துரைவேல் தட்டைப் பார்த்தான். தட்டு ஏந்திய கையைப் பார்த்தான். கருமணி போன்ற கண்ணை ஒருதரம் மூடித் திறந்தான். பின், கோட்டைவாயிலைச் சாத்துகின்ற காவலனைப்போல, அவசரமின்றி, தலையை உள்ளிழுத்துக்கொண்டான்.

பகைவர் சூழ்ந்தால் மதிலுக்குள் அடைந்து காப்பதற்கு நொச்சி சூடுவதும், அம்மதிலை வளைத்துக்கொள்வதற்கு உழிஞை சூடுவதும் பண்டைத் தமிழ் மரபு. அன்று புருசெத்திலே இரண்டும் ஒருங்கே சூடப்பட்டன. உள்ளே ஓட்டின்கண் துரைவேல்; வெளியே முழங்காலில் இரத்தினவேல்.

செவ்வாய்க்கிழமை குளோவர் இலை போயிற்று, திரும்பிற்று. புல்லின் குருத்துப் போயிற்று, அதுவும் திரும்பிற்று. புதன்கிழமை, கிழவர் பலரை அடிப்படுத்திய தன் மறைபடைக்கலத்தை வேந்தன் வெளியில் எடுத்தான். அது யாதெனில், ஊட்டுபவன் தன் வாயை முதலில் அகலத் திறந்து காட்டுதல். முதியோர் இல்லத்திலே தோல்வி கண்டறியாத அவ்வித்தையை நிகழ்த்துவான் வேண்டி, அறை நிலத்திலே குப்புறப் படுத்து, கன்னம் தரையிற் பட, ஆமையின் வாயிலுக்கு நேரே தன் வாயைக் குகைபோலத் திறந்து கிடந்தான். ஆமை அசையவில்லை. உண்டு காட்டினால் உண்ணும் என்று எண்ணி ஒரு சிங்கப்பல் இலையைத் தானே மென்றான். வேம்பு தோற்கும் கைப்பு நாவில் ஏறிற்று. வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றாமலே கதவடியில் நின்று இவையாவும் கண்ட அனஸ்ரேசியா, அவன் மென்று விழுங்கும்வரை பொறுத்தாள்.

"உப்புக் காணாது" என்றான் வேந்தன், நிலத்திற் கிடந்தபடி.

"அதுக்குப் பசியெண்டால் தின்னும். உங்கட மானத்துக்காக அது தின்னுமோ?" என்றாள் அவள். ஆயினும் அவளும் கலங்காதவள் அல்லள். அன்று மாலை அந்தோனியார் படத்தின் முன்னே ஒரு மெழுகுதிரி எரிந்தது.

இங்கே கேட்போர் சிரித்தல் வேண்டா. வீரன் உள்ளத்திலே அந்நேரம் புகுந்த அச்சம் சிறிதன்று. வியாழக்கிழமை முதியோர் இல்லத்திலே அவன் ஆக்கிய மீன்கூழில் கட்டி விழுந்தது. அவன் கரண்டிக்கென்றே காத்திருக்கும் ஹால்வர் என்னும் நெடிய கிழவர், மூன்று வாய் உண்டபின் உதட்டை மூடி, யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். கை நிறைந்த கரண்டியோடு வேந்தன் அங்கே நின்றான். சமையற்காரனுக்குக் கத்தி மழுங்கலாம், அடுப்பு அணையலாம். கைராசி போனால் என்ன எஞ்சும்? போயிற்றோ? கவிழ்த்த கிண்ணமொன்று வந்து அதைக் கொண்டுபோயிற்றோ?

அதனிலும் பெரிதாய் ஒன்று உண்டு. தனுஷா அண்மைக்காலமாய் வீட்டிலே கதைப்பது குறைந்துவிட்டது. பாடசாலை எப்படி என்றால் 'நல்லம்'. சாப்பாடு எப்படி என்றால் 'நல்லம்'. ஆனால் அவள் அறைக்கதவு மூடியபின், மரப்பெட்டியின் முன்னே அமர்ந்து, அவள் துரைவேலோடு மணிக்கணக்காய் நோர்வே மொழியிற் கதைப்பதை அவன் கேட்டிருக்கிறான். என்ன கதை என்று முழுவதும் விளங்கியதில்லை. காது கொடுக்க வெட்கப்பட்டு நடந்துபோயிருக்கிறான். தனக்குச் சொல்லாத யாவற்றையும் மகள் சொல்லிவைத்த பெட்டகம் அது. வெள்ளி பிற்பகல் அவள் வந்து, அது சோர்ந்து கிடக்கக் கண்டால் ஏச மாட்டாள். ஏசினால் நல்லது. ஒன்றுமே சொல்லாமல் கதவை மூடிக்கொள்வாள்.

வியாழன் மாலை துரைவேலை உள்ளங்கையில் வைத்து எடைபார்த்தான். இலேசாய்ப் பட்டது.

மானத்தை மடித்து வைத்து, வெள்ளி நண்பகல் வெஸ்ட்லியில் வாழும் ஞானரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தான். ஞானரட்ணம் டாக்சி ஓட்டுபவன். உலகத்துக் கேள்வி அனைத்துக்கும் விடை வைத்திருப்பவன். அவற்றுட் சில சரியானவை. ஆமை என்றதுமே அவன் திருமாலின் அவதாரத்திலிருந்து தொடங்கினான். பின் கடலாமை முட்டையிடும் விதம் கூறினான். பின் தன் முதுகுவலி பற்றிக் கூறினான். வேந்தன் பொறுத்தான். கடைசியில், எதையோ நினைத்துக்கொண்டவன்போல ஞானரட்ணம் கேட்டான்:

"இரத்தினம், அதுக்கு வெயில் காட்டினனியோ?"

காட்டவில்லை. குளிர் இரத்தமுடைய உயிர் பனிநாட்டு வீட்டுக்குள்ளே நான்கு சுவர் பார்த்துக் கிடக்க, வெளியே நீண்ட மாரிக்குப் பின் பழுத்த வெயில் புற்றரையிலே கொட்டிக் கிடந்தது. வேந்தன் சிரித்தான். தொலைபேசியை வைக்கவும் மறந்து, பிளாஸ்டிக் பேசினிலே துவாய் விரித்து, அதன்மேல் துரைவேலை எழுந்தருளச் செய்து, பட்டத்து யானைமேல் இளவரசனைக் கொண்டு செல்பவன்போல மாடிப்படி இறங்கினான்.

இறங்கிய பின்னரே அவன் நினைவுக்கு வந்தது, அன்று டூக்னாட் என்பது.

டூக்னாட் யாதெனில் நோர்வேயரின் சிரமதானம். மாரி கழிந்து பெருநாளாம் மே பதினேழு அணுகும் காலத்தே, அடுக்குமாடியோர் அனைவரும் ஒரு பொழுது கூடி முற்றம் துடைத்து, வேலி பூசி, பூ நடுவர். வராதவரை யாரும் தண்டிப்பதில்லை. அடுத்த டூக்னாட் வரையில் லிப்டிலே ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தச் சேனை அங்கே அணிவகுத்து நின்றது. சருகு வாரும் கருவிகள் வேற்படைபோல் எழ, மண்வெட்டிகள் வாட்படைபோல் மின்ன, தள்ளுவண்டிகள் தேர்ப்படைபோல் உருள, செம்மஞ்சட் கஞ்சுகம் அணிந்து அதன் நடுவே நின்றாள் சேனைத்தலைவி, வீட்டுக்கூட்டுறவுச் சபையின் தலைமைப் பதவியாள், பெயரிலேயே போரைச் சுமந்த இங்கபோர்க் அம்மையார்.

கொடிக்கம்பத்தைச் சுற்றி அவளே காலை முதல் முழங்காலிட்டு ஒரு பூப்பாத்தி சமைத்திருந்தாள். நோர்வேயர் 'மாற்றாந்தாய்ப் பூ' என்று பொருள்பட அழைக்கும் சிறுபூச்செடிகள். மஞ்சள் ஒரு வரிசை, ஊதா ஒரு வரிசை. நூல் பிடித்து, அளவுகோல் வைத்து நட்டவை. ஒரு செடி சற்றுத் தலைசாய்ந்தாலும் அவள் திரும்பிவந்து நிமிர்த்துவாள்.

இரத்தினவேல் பேசினை ஒரு புதரடியில் மறைவாய் இறக்கி, துரைவேலை வெயில் விழுந்த புல்லிலே விட்டான். கதிரவன் ஓட்டின்மேல் கை வைத்தான். மெல்ல, மிக மெல்ல, சுருங்கிய கழுத்து நீண்டது. நீண்டு, சுருக்கம் அவிழ்ந்து, வானத்தை நோக்கி நின்றது. வேந்தன் கண்கள் பனித்தன. அக்கணமே அவன் தோளில் ஒரு கை விழுந்து, கையில் ஒரு சருகுவாரி திணிக்கப்பட்டது. சேனைத்தலைவியின் கட்டளை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டே இழுவை இழுத்துவிட்டுத் திரும்பினான்.

புல் இருந்தது. வெயில் இருந்தது. ஆமை இல்லை.

நடையிற் பிந்துவோரை ஆமை என்று இகழும் உலகத்தீர், அறியாமல் இகழ்கிறீர். வெயிலேறிய ஆமையின் கதியை அன்று புருசெத்துக் கண்டது. புதரடி, கதிரைக் கால், ஒரு சிறுவனின் பந்து, தள்ளுவண்டியின் சில்லு என்று இரத்தினவேல் குனிந்து குனிந்து தேடினான். சருகு வாருபவன்போலக் காட்டிக்கொண்டே தேடினான். தொலைந்தது மாத்திரமல்ல, மிதிபட்டது என்றால்? அப்போதுதான் அவன் செவியில் ஓர் ஓசை விழுந்தது. சரக். சற்றுப் பொறுத்து, மீண்டும், சரக். பல்லில்லா வாயொன்று பச்சையைக் கொய்யும் ஓசை. ஆயிரம் பந்தி கண்டவனுக்கு அதனிலும் இனிய இசை பிறந்த நாள்முதல் செவியில் ஏறியதில்லை.

கொடிக்கம்பத்தின் கீழே, மஞ்சள் வரிசையின் தொடக்கத்திலே துரைவேல் நின்றான். இரண்டு செடிகள் அடியோடு இல்லை. மூன்றாவதன் பூ அவன் வாயிலிருந்து பாதி தொங்கியது.

ஒரு புறம் கூட்டுறவின் அறம். மறு புறம் அன்னம் இடுபவன் அறம். தூக்கினால் பாத்தி தப்பும். ஆனால் திங்கள் தொடங்கி முதன்முதலாய்த் திறந்த வாயை எந்தக் கையால் மூடுவது? உண்பவனை இடையில் எழுப்புவதோ? அவன் குலத்தில் இல்லாத செயல் அது. இரத்தினவேல் தன் மேற்சட்டையைக் கழற்றிப் பாத்தியின் ஓரமாய் விரித்துப் பிடித்தான். கால்களை அகல ஊன்றினான். சருகுவாரியை வேல்போல் நட்டான். உண்போனுக்கும் உலகுக்கும் இடையே தனியனாய் நின்றான்.

இங்கபோர்க் அம்மையார் வந்தாள். வீரன் வெயிலைப் புகழ்ந்தான். கொடிக்கம்பத்தின் உயரத்தைப் புகழ்ந்தான். வேலிக்குப் பூசிய பச்சை நிறத்தைப் புகழ்ந்தான். தனக்குத் தெரிந்த நோர்வேச் சொற்கள் யாவும் தீர்ந்து, முதியோர் இல்லத்து வாராந்த உணவுப் பட்டியலைச் சொல்லத் தொடங்கினான். அவள் கண்கள் அவன் தோளுக்கு அப்பால் நிலைத்தன. அங்கே, சட்டையின் ஓரத்துக்கு மேலே, நிமிர்ந்து நின்ற மஞ்சட்பூ ஒன்று காற்றில்லாமலே நடுங்கி, தலைகவிழ்ந்து, கீழே இழுக்கப்பட்டு மறைந்தது. அடுத்ததும் மறைந்தது.

அவள் இரு விரலால் சட்டையை விலக்கினாள். சேனை முழுவதும் கருவிகளை ஊன்றி நின்றது. கொடிக்கம்பத்துக் கயிறு மாத்திரம் இரும்பிலே தட்டிக்கொண்டிருந்தது.

"இது கூட்டுறவின் உறுப்பினர் அல்ல" என்று அவள் நோர்வே மொழியில் அறிவித்தாள்.

"என் வீட்டில் இருக்கிறான். இந்தக் கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை. நான் கொடுத்தது எதையும் சாப்பிடவில்லை" என்றான் இரத்தினவேல். கடைசிச் சொற்கள் அவன் எண்ணியதிலும் மெல்லிதாய் வந்தன.

அம்மையார் குந்தினாள். துரைவேல் அவளைப் பொருட்படுத்தவில்லை. மஞ்சள் வரிசையில் பாதி போயிருந்தது, பாதி நின்றது. அவள் அந்த வெறுமையையும் அந்த முழுமையையும் மாறிமாறிப் பார்த்தாள். காலை முதல் பாத்தியில் ஊன்றிய முழங்கால்கள் இன்னும் மண்ணாய் இருந்தன. பின் எழுந்து அவள் தீர்ப்பு வழங்கினாள்.

"பாதி தின்ற வரிசை அசிங்கமாக இருக்கும். அந்த வரிசையை முடிக்கட்டும். ஊதாவைத் தொடக்கூடாது. பதினேழாம் திகதிக்கு முன் நீங்கள் புதிய செடி நடவேண்டும்."

வீரன் தலைதாழ்த்தி ஏற்றான். சேனை அரைவட்டமாய்ச் சூழ்ந்தது. யாரோ கோப்பிக் குடுவையைத் திறந்தார்கள். துரைவேல், நாட்டின் பெருநாளுக்கென நட்ட பொன்வரிசையை ஒரு தலை விடாமல், ஓர் இதழ் சிந்தாமல், பேரரசன் திறை கொள்வதுபோலக் கொண்டு முடித்தான். கடைசிச் செடியில் அவன் சற்றே தயங்கியபோது, பழக்கத்தினாலே இரத்தினவேல் தன் வாயை அகலத் திறந்து காட்டினான். ஆமை உண்டது. வட்டத்தில் நின்றோர் சிலர் கைதட்டினர்; இங்கபோர்க் அம்மையார் தட்டவில்லை, ஆனால் ஊதா வரிசைக்குக் குறுக்கே தன் காலணியை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

அந்நேரம் பொதியை இழுத்துக்கொண்டு, மலைக்காற்றில் மூக்கு உரிந்து, தனுஷா பாதை வழியே வந்தாள். அயலவர் அரைவட்டத்தையும், சட்டையில்லாத தகப்பனையும், வாய் மஞ்சளான ஆமையையும் கண்டாள்.

"அப்பா, தொர்வால்ட் சாப்பிட்டவரோ?"

முற்றுகையும், கைத்த இலையும், ஹால்வர் பார்த்த யன்னலும், சேனைத்தலைவியின் தீர்ப்பும் பெருங்காப்பியமாய்த் திரண்டு அவன் நாநுனியில் வந்து நின்றன.

"ஓம். சாப்பிட்டது."

அவள் துரைவேலை அள்ளி எடுத்து, உள்ளங்கையில் நிறுத்தி, பாரம் பார்த்துத் தலையாட்டினாள். மூன்றாம் மாடி ஏறும்வரை, முகாமிலே தன் படுக்கைக்கு மேற்கட்டிலில் படுத்தவள் கனவில் பாடியதையும், ஆற்றில் ஒரு சப்பாத்துப் போனதையும், இனித் தனக்கு இரண்டு சிநேகிதிகள் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தாள்; பாதி ஆமைக்கு நோர்வே மொழியில், பாதி தமிழில். தகப்பன் வெறும் பேசினைச் சுமந்து ஒரு படி பின்னே, ஒரு சொல்லும் தவறவிடாமல் ஏறினான். வாசலிலே அவள் திரும்பி, எனக்கும் பசிக்குது அப்பா என்றாள்.

வென்றான் வேந்தன். வாகை சூடினான். திசை எட்டும் பசி தீர்க்கும் திருக்கரம் மீண்டது. அடுப்பென்னும் அரியணை நோக்கி, கரண்டியென்னும் செங்கோல் நோக்கி, வெற்றிமுரசு நெஞ்சில் அதிர, அவன் சமையலறைக்குள் எழுந்தருளி மூடி ஒவ்வொன்றாய்த் திறந்தான்.

வீட்டில் ஒன்றும் சமைத்திருக்கவில்லை. ஃபிரீசரில் இருந்த பீட்சாவைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள்.